பட்டியலில் முதல் பெயர்

“எவன்டா இதுல கை வெச்சது?”

காலை ஒன்பதே முக்காலுக்கு அச்சகமே அதிரும்படி கத்தினார் அண்ணன். அச்சகம் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு பிரிண்டர், ஒரு கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி, இரண்டு முதலாளி.

கம்ப்யூட்டர் திரை அமாவாசையாகக் கிடந்தது. மூலையில் இரண்டு ஆங்கில வார்த்தை. பக்கத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண்ணடித்துக்கொண்டிருந்தது.

பதினொரு மணிக்கு வியாபாரிகள் சங்கத்தில் அண்ணனுக்கு ‘ஒற்றுமைக் குடும்பம்’ விருது. அவர் பேசவேண்டிய தலைப்பு, ‘விட்டுக்கொடுத்தவர் கெட்டதில்லை’. நாலு பக்கப் பேச்சும் அந்தப் பெட்டிக்குள். காகிதம் கையில் இல்லாமல் மேடையேறினால் அண்ணனுக்கு “அனைவருக்கும் வணக்கம்” தாண்டி அரை வார்த்தை வராது.

“எல்லாம் உன்னால வந்த வினைடா!” என்று தம்பிமேல் பாய்ந்தார். “ஒரு உறையில ரெண்டு கத்தி வேண்டாம்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா?”

கத்தி என்று அவர் சொன்னது ஆபரேட்டிங் சிஸ்டத்தை. அவருக்குப் பழகியது காசு கொடுத்து வாங்கியது. தம்பி டிசைன் வேலைக்கென்று இலவச சிஸ்டம் ஒன்றையும் அதே கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தான். ஆளுக்குப் பாதி டிஸ்க். சுவிட்சைப் போட்டால், எந்த சிஸ்டம் வேண்டும் என்று கேட்டு ஒரு பட்டியல் வரும்.

அந்தப் பட்டியல்தான் அண்ணன் நெஞ்சில் முள். முதல் வரியில் தம்பியுடையது. அவருடையதோ நாலாவது வரியில். தினமும் மூத்தவர் மூன்று படி கீழே இறங்க வேண்டும். பத்து விநாடிக்குள் இறங்காவிட்டால், தரதரவென்று இழுத்துப்போய் தம்பி வீட்டில் விட்டுவிடும். ஆயிரம் கல்யாணப் பத்திரிகை அடித்தவருக்கு, யார் பேர் மேலே வரவேண்டும் என்று தெரியாதா?

“மெக்கானிக்குக்குப் போன் போட்டுட்டேண்ணே,” என்றான் தம்பி.

பத்து மணிக்கு மெக்கானிக் வந்தாள். ஹெல்மெட்டை மேஜையில் வைத்தாள், பென் டிரைவைச் செருகினாள், ஐந்தே நிமிடத்தில் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“சார், தம்பியோட பாதியைக் காணோம். யாரோ கை வெச்சிருக்காங்க.”

“போனாப் போகட்டும். என் பாதி இருக்கில்ல? அதைத் திறம்மா.”

“எப்படி சார் திறக்கும்? அந்தப் பட்டியலே அவர் பாதியிலதான் இருந்துச்சு. மாடியில இருக்கிறவர் கீழ்வீட்டை இடிச்சா, படிக்கட்டும் சேர்ந்துதானே விழும்?”

அண்ணன் தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். “ஏதாவது வழி பண்ணும்மா.”

பண்ணினாள். அண்ணனுடைய பாதி திறந்தது. அவர் முகத்தில் ஆயிரம் வாட் பல்பு. அங்கே தேடினார், இங்கே தேடினார். பல்பு அணைந்தது.

“பேச்சு எங்கேடா?”

“நான்தானேண்ணே எழுதி டைப் அடிச்சேன்? என் பாதியில இருந்துச்சு.”

‘எழுதி’ என்ற வார்த்தை மெக்கானிக் காதில் விழாதபடி அண்ணன் பலமாக இருமினார்.

“மீட்டுடலாம்,” என்றாள் அவள். “என்ன பண்ணாங்கன்னு தெரியாமத் தேடினா ஒரு நாள் முழுக்க ஆகும். ஃபார்மட் பண்ணாங்களா, அழிச்சாங்களா, அப்புறம் அந்த இடத்துல வேற எதையாவது ஏத்தினாங்களா? செஞ்சவங்க வாயைத் திறந்தா பத்தே நிமிஷ வேலை.”

கடிகாரம் பத்து இருபது காட்டியது.

அண்ணன் விட்டத்தைப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். நேற்று சாயங்காலம், தம்பி டீ வாங்கப் போன நேரத்தில், அவர் விரல் செய்த காரியம் அது. அந்த விரலை மடக்கிச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

“அது வந்து… விவரம் தெரியாதவங்க எதையாவது தட்டியிருப்பாங்க…” என்று இழுத்தார்.

“நான்தாங்க,” என்றான் தம்பி.

அண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “பார்த்தியாம்மா! நான் சொன்னேனா இல்லையா?”

தம்பி நிதானமாகச் சொன்னான். “முதல்ல ஃபார்மட் பண்ணவான்னு கேட்டுச்சு. வேண்டாம்னு போட்டாச்சு. அப்புறம் அழிக்கவான்னு கேட்டுச்சு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு, மறுபடி மாட்டிக்கிட்டு, ஆமான்னு தட்டியாச்சு. வேற எதுவும் ஏத்தலை.”

மெக்கானிக் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடியே போடாத முகம். பிறகு அண்ணனின் மூக்கைப் பார்த்தாள்.

நேற்று டீ ஏன் அப்படி ஆறிப்போய் வந்தது என்று அண்ணனுக்கு இப்போதுதான் புரிந்தது. அதற்கும் தம்பியைத்தான் திட்டியிருந்தார். கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பத்து நிமிடத்தில் தம்பியின் பாதி உயிர்பெற்றது. பிரிண்டர் நாலு பக்கத்தையும் துப்பியது.

“பட்டியலையும் சரி பண்ணிடறேன்,” என்றாள் மெக்கானிக். “மேலே யாரோடது வரணும்?”

“அண்ணனோடதுங்க,” என்றான் தம்பி.

அண்ணன் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

பதினொரு மணிக்கு மேடையேறினார். விருதை வாங்கினார். கண்ணாடியை எடுத்தார், துடைத்தார், மாட்டிக்கொண்டு வாசித்தார்.

“உடன்பிறந்தவன் தப்பு செய்தால், அந்தப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்பவனே உண்மையான அண்ணன்! நான் அப்படி வாழ்கிறவன்!”

குரல்கூட லேசாகத் தழுதழுத்தது.

மண்டபமே எழுந்து கைதட்டியது. முதலில் தட்டியவன், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த தம்பி.