பச்சையாகவே இருந்த தெரு

சாதிக் இலவசமாகச் செய்து கொடுத்த செயலி, அரசு வெளியிடும் ஆற்று நீர்மட்டத்தை எடுத்துத் தெருவாரியாக நிறம் காட்டும். பச்சை என்றால் வீட்டில் இருக்கலாம். சிவப்பு என்றால் கிளம்ப வேண்டும். வெள்ளம் முதலில் அடித்துச் சென்றது பாலத்தில் இருந்த அளவுக் கருவியைத்தான். புது எண் வராததால் செயலி கடைசி எண்ணையே பிடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரிலும் பச்சையே காட்டியது. இப்படி நடக்கும் என்று அவன் யோசிக்கவே இல்லை.

நிவாரண முகாமில் பிலோமினா அக்கா, யாரோ கொடுத்த போனை நீட்டினாள். "இதுலயும் அந்த ஆப்பைப் போட்டுக் குடு தம்பி. மாடிக்குப் போயிடலாம்னு எங்க வீட்டுக்காரரு கெஞ்சுனாரு. பச்சையாத்தான இருக்குன்னு நான்தான் உக்கார வச்சு சாகடிச்சிட்டேன். அது செவப்புதான் காட்டியிருக்கும். என் கண்ணுதான் மங்கிப்போச்சு."

சாதிக் குனிந்தபடியே போனை வாங்கினான்.

"போன் பாஸ்வேர்டு என்னக்கா?"