பேச்சு நிற்கக் கூடாத வண்டி

"அக்கா, இன்னைக்கு ஒரு நாள் வாயைத் திறக்காம ஓட்டு. முடியலைன்னா சாவியைக் குடு, நான் ஓட்டிக்கறேன்."

ஆஸ்பத்திரி வாசலில் வைத்துத் தம்பி இப்படிச் சொன்னதும் அவளுக்குச் சுருக்கென்றது.

சாவியைக் கொடுப்பதா? ராணுவ ஆம்புலன்ஸை ஓட்டிய கை அது. போர் அவளிடமிருந்து தூக்கத்தைப் பிடுங்கியது. வலது கையில் இரண்டு விரலைப் பிடுங்கியது. நிச்சயித்திருந்த மாப்பிள்ளையையும் பின்வாங்க வைத்தது. ஸ்டியரிங்கை மட்டும் அதனால் பிடுங்க முடியவில்லை. போருக்கே கொடுக்காததை இந்தப் பொடியனுக்கா கொடுப்பாள்?

"ஏறுடா," என்றாள்.

பின் சீட்டில் தம்பி மனைவி. அவள் மடியில், பிறந்து சில நாளே ஆன பெண் குழந்தை. ராத்திரி முழுக்க ஊரையே கூட்டிவிட்டு இப்போதுதான் கொஞ்சம் அடங்கியிருந்தது. தம்பி முன்னால் உட்கார்ந்து, அக்காவைப் பார்த்து உதட்டில் விரலை வைத்துக் காட்டினான்.

அவள் வண்டியில் ஏறிய எல்லாருக்கும் அந்தத் தொல்லை தெரியும். பின் சீட்டில் யாரும் வாயை மூடிக்கொண்டு வர முடியாது. "என்ன சாப்பிட்டீங்க?" என்று ஆரம்பிப்பாள். இடது ஓரத்தில் இருப்பவரிலிருந்து வரிசையாகக் கேட்பாள். பதில் வராவிட்டால் விடமாட்டாள். தம்பி கல்யாணத்துக்குப் போகிற வழியில், அசந்து தூங்கிய பெரியப்பாவைத் தட்டி எழுப்பி, என்ன சாப்பிட்டார் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் வண்டியை எடுத்தாள்.

கொஞ்ச நாள் ஓட்டாமல் இருக்கலாமே என்று ஒரு டாக்டர் சொல்லிப் பார்த்தார். அந்த டாக்டரையே ஏற்றிக்கொண்டு போய் அவர் வீட்டில் இறக்கிவிட்டாள். வழியெல்லாம் அவர் தன் மாமியாரைப் பற்றிப் பேசிக்கொண்டே போனாராம்.

வெடிச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது, அதனால்தான் எல்லாரையும் சத்தமாகப் பேச வைக்கிறாள் என்று தம்பி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். அவளும் மறுத்ததில்லை. சொல்லிவிட்டுப் போகட்டும். பரிதாபப்பட்டு யாராவது உச்சுக் கொட்டினால் மட்டும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

கடைத்தெரு தாண்டும் வரை குழந்தை முனகிக்கொண்டே வந்தது. அதுவரை அவளும் நிம்மதியாகத்தான் ஓட்டினாள்.

பாலத்தில் ஏறும்போது முனகல் நின்றது.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். பச்சைக் குழந்தை, தூங்கினால் நல்லதுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முதுகெல்லாம் வியர்த்தது.

கண்ணாடியில் பார்த்தாள். மருத்துவமனைத் துணிக்குள் சுருண்ட ஒரு பொட்டலம் தெரிந்தது. அவள் கண்ணை நம்புகிறவள் இல்லை. அந்த ஆம்புலன்ஸில் ஓட்டுகிறவளுக்கும் ஸ்ட்ரெச்சர்களுக்கும் நடுவே தகரத் தடுப்பு இருந்தது. பின்னால் யார் எப்படி இருக்கிறார்கள் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும்.

பாலத்தின் நடுவிலேயே பிரேக்கை அழுத்தி எஞ்சினை நிறுத்தினாள்.

"ஏண்டி குட்டி, என்ன சாப்பிட்டே?"

பதில் இல்லை. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. "உனக்கென்ன பைத்தியமா? பிறந்த குழந்தை பதில் சொல்லுமா? அது தூங்குதுக்கா. சாவியைக் குடு."

கையை நீட்டினான்.

அவள் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இருப்பது மூன்று விரல்தான். அவன் இரண்டு கையாலும் இழுத்தாலும் வந்திருக்காது.

"மாட்டேன். அன்னைக்கும் தூங்கறாங்கன்னுதான் நெனச்சேன். பேச்சு நின்னதும் சந்தோஷப்பட்டேன். பாவம் தூங்கட்டும்னு பள்ளம் மேடு பாத்து மெதுவா ஓட்டிட்டு வந்தேன். போய்க் கதவைத் தொறந்தா ஒருத்தர்கூட உயிரோட இல்ல."

நீட்டிய கை அப்படியே நின்றது.

"அது என் தப்பு இல்ல. அதுக்காக நான் யார்கிட்டயும் தலை குனியவும் மாட்டேன். ஆனா என் வண்டியில சத்தம் இல்லாம யாரும் வரக் கூடாது. இஷ்டம்னா உக்காரு. இல்லேன்னா இறங்கி நட."

வெளியே ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

அப்போது பின் சீட்டிலிருந்து மெல்லிய மழலைக் குரல் ஒன்று வந்தது.

"பால்தான் அத்தை."

தம்பி மனைவி குழந்தையைத் தோளில் தூக்கிப் போட்டிருந்தாள். குழந்தைக்காக அவள்தான் பேசினாள்.

"வயிறு முட்டக் குடிச்சுட்டு தூங்கறேன் அத்தை. என் மூச்சு அம்மா கழுத்துல சூடா பட்டுக்கிட்டே இருக்கு. நீங்க ஓட்டுங்க. நான் வழியெல்லாம் பேசிட்டே வரேன்."

அக்கா சாவியைத் திருப்பினாள்.

மழலைக் குரல் நிற்கவில்லை. பாலத்தைப் பற்றிச் சொன்னது. திட்டிக்கொண்டே கடந்து போன லாரிக்காரரின் மீசையைப் பற்றிச் சொன்னது. அப்பாவுக்குப் பேந்தப் பேந்த முழிக்க மட்டும்தான் தெரியும் என்று சொன்னது. அவள் சிரிக்காமல் கியரை மாற்றினாள்.

முன் சீட்டில் இருப்பவர்களிடம் என்ன சாப்பிட்டார்கள் என்று அவள் ஒருபோதும் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை.

பாலம் இறங்கும்போது தம்பி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நான் இன்னும் சாப்பிடலக்கா," என்றான்.

வாய்க்குள்ளேதான் சொன்னான். அத்தனை இரைச்சலிலும் அவளுக்கு அது நன்றாகவே கேட்டது.