விடாப்பிடி

பலூன் இன்றைக்கும் தரையை விட்டுக் கிளம்பவில்லை.

என் மகள் ஆரணி டேப்லெட் திரையை முறைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இறுகிய இடது கையில், கிளினிக்கில் இரவல் தந்த கையுறை. விரல்கள் விரிவது அதிலுள்ள சென்சருக்குத் தெரிந்தால்தான் விளையாட்டில் பலூன் பறக்கும்.

நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு தடவையாவது விரித்தால் இன்னும் மூன்று மாதம் தருவார்கள். இல்லையென்றால் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

வழக்கம்போல என் வலது சுட்டுவிரல் அவளுடைய பிடிக்குள் இருந்தது.

ஏழு வருடப் பழக்கம். வேலை முடிந்து வந்து விரலை உள்ளே நுழைத்தால் போதும், பிறகு விடமாட்டாள். கொழும்பின் காலி வீதியைக் கடந்தாலும், வெள்ளவத்தைக் கடற்கரையில் ரயில் பார்த்தாலும் விரல் அவளிடம்தான். அவள் நித்திரையானால்தான் எனக்கு விடுதலை. கலியாண வீடுகளில் நான் இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டதைப் பார்த்துச் சிரிக்காத சொந்தக்காரர் இல்லை.

"தகப்பனை விடமாட்டாள்" என்று என் மனைவி நிருஷா ஊரெல்லாம் சொல்லித் திரிவாள். எனக்குப் பெருமை தாங்காது. என்ன அருமையான நாட்கள்.

ஆரணி பல்லைக் கடித்தாள்.

கட்டைவிரல் அசைந்தது. பிறகு மற்ற விரல்கள், ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல்.

பலூன் எழும்பியது.

வீடு அதிரக் கத்தினாள். டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, பக்கத்து பிளாட் பலீலா ஆன்ட்டிக்குக் காட்ட ஓடினாள்.

நான் கைதட்டினேன். இரண்டு கையாலும். விரல் வெளியே வந்துவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது.

சந்தோஷம்தான். சத்தியமாகச் சந்தோஷம்தான். ஆனாலும் கண் கலங்கிவிட்டது.

நிருஷா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இனி மறைத்து என்ன பயன்?

"அவ என்னில பாசத்தில பிடிச்சிருக்கேல்ல, நிருஷா. மூளைவாதத்தில கை அப்பிடித்தான் இறுகுமாம், விட ஏலாதாம். ஒரு வயசிலயே டொக்டர் சொன்னவர். நீர் உடைஞ்சு போவீர் எண்டு நான்தான் சொல்லேல்ல."

அவள் ஆச்சரியப்படவில்லை. சிவந்துபோயிருந்த என் விரலை எடுத்து மெல்லத் தேய்த்துவிட்டாள்.

"உங்களுக்கு முதலே எனக்குச் சொன்னவர்."