ஏழாம் கூடாரத்துத் தண்ணீர்

'ஜூன் 9. ஏழாம் கூடாரத்துத் தண்ணீரைக் கேட்காமல் கொட்டியது என் தவறு' என்று நோட்டில் எழுதினாள் நிவாரண முகாமின் சுகாதாரப் பணியாளர்.

காலையில் அங்கே மூடியிருந்த கேன் தண்ணீரில் சோதனைச் சொட்டு விட்டாள். நிறமே மாறவில்லை, குழாய்த் தண்ணீரில் இருக்க வேண்டிய குளோரின் துளியும் இல்லை. முகாமில் ஏற்கெனவே மூன்று குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு.

"குழாய் வரிசையில நிக்க இந்தக் கூடாரத்துப் பெரியவருக்கு உடம்பு வளையாது! ஆத்துல மொண்டுட்டு வந்திருப்பாரு" என்றாள் பக்கத்துக் கூடாரத்து அக்கா.

பணியாளர் கேனைக் கவிழ்த்தாள்.

குழாயில் பிடித்த தண்ணீர்க் குடத்தோடு பெரியவர் உள்ளே வந்தார். ஈரத் தரையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"குடிக்கிறது இந்தக் குடத்துலதாம்மா. அது எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணி. நிலநடுக்கத்துல வீடு இடிஞ்ச அன்னைக்குக் காலையில என் பொண்டாட்டி இறைச்சு வெச்சது. அவ கை பட்டதுன்னு அது ஒண்ணுதான் மிச்சம்."

காலிக் கேனை நிமிர்த்தி, மூடியை இறுக்கித் திருகினார்.

'நாளை: எட்டாம் கூடாரத்திலிருந்து சோதனை. சொட்டு விடுமுன், யார் பிடித்த தண்ணீர் என்று கேட்க வேண்டும்.'