உள்ளே வைத்த கதிர்

“யாரும் கிட்ட வராதீங்க!”

சித்தியோடு சென்னைக்குப் போய்ப் புற்றுநோய்க்கு வைத்தியம் முடித்துத் திரும்பிய அம்மா, பத்துபஸ்தியில் இருந்த தங்கள் வீட்டு வாசலிலேயே சொல்லிவிட்டாள். அப்பா நீட்டிய கை பாதியில் நின்றது.

“கர்ப்பப்பை வாய்ல குழாய் விட்டு, உள்ளேயே கதிர் வச்சிருக்காங்க. என்னைத் தொட்டா தொட்டவங்களுக்கும் ஏறிடும்.”

“அரே பாப்ரே! எத்தனை நாளைக்கு?”

வேலையாட்களையெல்லாம் நடுங்க வைக்கும் காண்ட்ராக்டரான அப்பா விஜயராஜின் குரல் அன்றுதான் நடுங்கியது.

“ஆயுசுக்கும் இருக்கலாமாம்.”

அன்றே அப்பாவின் படுக்கை ஹாலுக்கு வந்தது. அம்மா அறையை உள்ளே தாழிட்டுக்கொண்டாள். அவள் எதிரே வந்தால் அப்பா சுவரோடு சுவராக ஒட்டி வழிவிட்டார். மகள் சௌமியா சாப்பாட்டுத் தட்டைக் கதவருகே வைக்கும்போதெல்லாம் கதவில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே அம்மாவை அந்தக் கதிர் என்ன செய்கிறதோ?

ஒரு மாதம் பொறுத்தாள். பிறகு சென்னை டாக்டருக்கே போன் போட்டாள். பேசி முடித்ததும் அழுகையும் சிரிப்புமாக ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள்.

“அம்மா! கதிரு சில நிமிஷந்தான் உள்ள இருக்குமாம். அப்பவே மெஷின் திரும்ப இழுத்துக்குமாம். உன் உடம்புல இப்ப ஒண்ணுமே இல்லையாம். யார் வேணா உன்னைத் தொடலாமாம்!”

கதவு திறந்தது. தாழ்ப்பாளைப் பிடித்திருந்த அம்மாவின் கையில் ஒரு கன்றல் இல்லை, ஒரு வீக்கம் இல்லை. நினைவு தெரிந்து அம்மாவுக்கு அப்படி ஒரு கையைச் சௌமியா பார்த்ததே இல்லை.

“டாக்டர் அன்னிக்கே சொல்லிட்டாரு. மெதுவாப் பேசுடி,” என்றாள் அம்மா. “அப்பா காதுல விழுந்துடப் போகுது.”