வெள்ளித்துளிச் சோதனை

"நாலாவது மீனையும் பாத்துடறேன் சித்தப்பா" என்றாள் லோவான்.

குளத்துக்குச் சொந்தக்காரரான வின் வாய்க்கால் பக்கம் திரும்பிக் காறித் துப்பினார்.

வாய்க்காலில் மீன் கம்பெனியின் படகு காத்திருந்தது. நீர் வற்றத் தொடங்கிவிட்டது. இன்னும் தாமதித்தால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். கம்பெனியின் பரிசோதகரான லோவான் சோதித்துக் கையெழுத்துப் போடாமல் வின்னின் பெரிய குளத்துக் கெளுத்தியில் ஒன்றைக்கூட ஏற்றக்கூடாது என்பது கம்பெனி உத்தரவு.

எல்லாம் ஒரு பச்சைச் சாயத்தால் வந்த வினை. மீனுக்குப் புண் வந்தால் அதைக் குளத்தில் கலப்பார்கள். புண் ஆறிவிடும், சாயம் சதையில் தங்கிவிடும். தின்பவர்களுக்குக் கெடுதல் என்று அதற்குத் தடை. போன மாதம் லோவான் சரியென்று அனுப்பிய சரக்கு, அந்தச் சாயம் இருக்கிறதென்று வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தது. இன்னொரு சரக்கு திரும்பினால் வேலைக்கு வரவேண்டாம் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

அதனால்தான் காலையில் வந்ததுமே, வலையைக் கொடுங்கள், நானே பிடித்துக்கொள்கிறேன் என்றாள். படகுக்காரர்கள் சிரித்தார்கள். வின் சிரிக்கவில்லை.

"என் கையில நம்பிக்கை இல்லையா? அப்புறம் எந்த உறவுல சித்தப்பாங்கிற?"

லோவான் குறுகிப்போனாள். அவர் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தாள். பெரியவர் ஊற்றித் தந்த தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்திருப்பது மரியாதையில்லை. அவள் குடித்து முடிப்பதற்குள் வின் கூடையில் நாலு கெளுத்தியோடு வந்துவிட்டார்.

ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சதை கிள்ளி, மருந்தில் ஊறவைத்து, அந்த நீரைத் தாளில் தொட்டு, மேலே ஒரு வெள்ளித்துளி விட்டாள். துளியில் இருக்கும் வெள்ளித்துகள் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதில் துளிச் சாயம் ஒட்டினாலும், அவள் கொண்டுவந்த கருவியின் சிவப்பு ஒளியைத் தனி விதமாகச் சிதறடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். திரையில் ஒரு முகடு எழும்.

மூன்று மீனுக்கும் முகடு எழவில்லை. இப்போது நாலாவதற்கும் இல்லை.

"மீனு முடிஞ்சுதா? என்னையும் கொஞ்சம் கிள்ளிப் பாத்துடு" என்றார் வின். படகுக்காரர்கள் மறுபடியும் சிரித்தார்கள்.

லோவான் கையெழுத்துப் போட்டாள். பெரிய குளத்தில் வலை விழுந்தது. படகு நிறைந்து, தரை தட்டுவதற்குள் வாய்க்காலைத் தாண்டிப் போய்விட்டது.

சந்தேகப்பட்டதற்கு மன்னித்துவிடுங்கள் என்று அவள் வின்னிடம் தலைகுனிந்து சொன்னாள். அவர் பெருந்தன்மையாக, அதெல்லாம் மனதில் வைக்கவில்லை, சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று சொல்லிவிட்டு, வலையை அலசத் துறைக்கு இறங்கினார்.

காலையிலிருந்து அடுக்களையை விட்டு வெளியே வராத அவர் மனைவி, மண்சட்டியில் கொதித்த கெளுத்தியைச் சோற்றின் மேல் வைத்தாள். லோவானுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பெரிய மனிதரை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்திவிட்டோமே என்றிருந்தது. சாப்பிடும் குச்சியால் மீனைப் புரட்டிக்கொண்டே இருந்தாள்.

அந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நல்ல துண்டமாக இன்னொன்றை எடுத்து வைத்து, அன்பாகச் சொன்னாள்:

"பயப்படாம சாப்பிடும்மா. இது பின்னாடி எங்களுக்குன்னு தனியா வெட்டின குளத்து மீனு. காலையில உனக்கு நாலு அள்ளிட்டு வந்தாரே, அதே குளம்தான். விக்கிற குளத்து மீனை நாங்க வாயிலயே வைக்கிறதில்ல."