இடது கதவுப் பட்டை

ஓஸ்வால்டுக்கு அநியாயம் செய்தது வேறு யாருமில்லை, ஒக்கலிபுரத்தில் குரோம் முலாம் போடுகிற ரெமிஜியஸ்தான்.

ஓஸ்வால்டின் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து கழற்றிய பம்பர், விளக்கு வளையம், பட்டைகள் எல்லாவற்றையும் வாங்கி இரண்டு மாதம் வைத்திருந்தான். எல்லாம் முகம் பார்க்கிற மாதிரி திரும்பி வந்தன, இடது கதவின் மேல் பட்டையைத் தவிர. அது மட்டும் போன துருவோடு அப்படியே வந்திருந்தது.

நாளைக்கு ஓஸ்வால்டின் மகள் ஜோசஃபினுக்குக் கல்யாணம். இரண்டே பேர் உட்காருகிற அந்தத் திறந்த காரில், அப்பா ஓட்ட, ஆஸ்டின் டவுனிலிருந்து சர்ச்சுக்குப் போகப் போகிறாள். ஏறி இறங்குவது அந்த இடது கதவு வழியாக. மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் சர்ச் வாசலில் நிற்பார்கள்.

"விடும்மா, முப்பது வருஷ வண்டி. கொஞ்சம் துரு இருந்தா என்ன?" என்றார் ஓஸ்வால்ட்.

சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கிற, ஜோசஃபினின் தோழி சிந்து விடுவாளா?

"அங்கிள், உங்களை மாதிரி ஆளுங்க விட்டு விட்டுத்தான் இவங்களுக்கெல்லாம் துளிர் விட்டுப் போச்சு!"

பட்டையை நியூஸ் பேப்பரில் சுற்றினாள். தோழியை ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிக்கொண்டாள்.

"நாளைக்குக் கல்யாணம்டி, வெயில்ல கறுத்துடுவேன்."

"நீ சும்மா கூட வா. பேசறது நான்."

முகமெல்லாம் கறுப்புத் தூளாக, சுழலும் சக்கரத்தில் ஏதோ சைலன்சரைத் தேய்த்துக்கொண்டிருந்தான் ரெமிஜியஸ். சிந்து பேப்பரைப் பிரித்தாள்.

"இது என்ன?"

"கதவுப் பட்டைம்மா."

"துருப்பிடிச்ச கதவுப் பட்டை! மறந்துட்டீங்களா, இல்ல கிழவர்தானே, என்ன கேட்கப் போறாருன்னு விட்டுட்டீங்களா?"

"தெரிஞ்சேதான் விட்டேன்."

"திமிரப் பார்த்தியா ஜோ! கன்ஸ்யூமர் கோர்ட்ல ஒரு பேப்பர் போட்டா என்ன ஆகும் தெரியுமா?"

"போடுங்க." சக்கரத்தை நிறுத்தினான். "அதுக்கு முன்னாடி, ஸ்வல்ப, கொஞ்சம் அந்தப் பட்டைய வெளிச்சத்துல பாருங்க. மழைத் துருன்னா அடியில, தண்ணி தேங்கற ஓரத்துல புடிக்கும். மத்ததெல்லாம் அப்படித்தான் வந்துச்சு. இது உச்சியில இருக்கு. அதுவும் வரிசையா நாலு திட்டு. கடைசித் திட்டு மட்டும் சின்னது."

சிந்து பார்த்தாள். நாலுதான்.

"அதனால?" என்றாள். குரலில் பழைய சூடு இல்லை.

"இந்தப் பக்கம் யாரு சார் உட்காருவாங்கன்னு அவரைக் கேட்டேன். 'என் வேதநாயகி'ன்னாரு. 'என் டிரைவிங் மேல அவளுக்கு நம்பிக்கையே கிடையாது. கப்பன் பார்க்குக்குள்ள ஒரு ரவுண்டு போனாலும் கதவை இறுக்கிப் புடிச்சுக்குவா. பன்னெண்டு வருஷமும் கை எடுக்கல'ன்னு சிரிச்சாரு. அவங்க செத்ததும் வண்டியத் தார்ப்பாய் போட்டு மூடிட்டாராம். கை பட்டுப் பட்டுக் குரோம் தேஞ்ச இடம்மா அது. அங்கதான் துரு ஏறியிருக்கு."

ஜோசஃபின் பட்டையை வாங்கிக்கொண்டாள். அம்மா இறந்தபோது அவளுக்கு நாலு வயசு. மேரித்தாய் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிற போட்டோவில் அம்மாவுக்குத் தோள் வரைதான் உண்டு, கை கிடையாது.

"துருவை எடுக்கணும்னா சக்கரத்துல வெச்சு அடிமட்டம் வரைக்கும் தேய்க்கணும். மூணு தடவை கையில எடுத்தேன், மனசு வரல. அவர்கிட்ட சொன்னா, பொண்ணு கல்யாணம், பளபளன்னு இருக்கட்டும்னு தேய்க்கச் சொல்லிடுவாரு. அதான் சொல்லல. வேலை தெரியாதவன்னு பேரு வந்தா வந்துட்டுப் போகுது." சுவிட்சின் மேல் விரல் வைத்தார் ரெமிஜியஸ். "நீங்க சொல்லுங்க, சாயந்தரத்துக்குள்ள முடிச்சுத் தரேன். தேய்க்கவா?"



நாலு திட்டின் மேலும் நாலு விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஜோசஃபின் நிமிர்ந்தாள்.

"வேணாம் அண்ணா. அப்பா இன்னைக்கும் அப்படித்தான் ஓட்டறாரு. நாளைக்கு நானும் எங்கயாவது புடிச்சுக்கணுமே."